ஒன்பது ஓட்டு

அந்த இணையதளத்தில் மொத்தம் பதினோரு விதிகள். பத்து விதிகளுக்காக நான் முகம் தெரியாதவர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பதினோராவதைப் பற்றி யோசித்ததே இல்லை. யாரும் யாரிடமும் ஓட்டுக் கேட்கக் கூடாது, ஆள் சேர்த்து ஓட்டுப் போட வைக்கக் கூடாது என்பது அது. எனக்கு ஓட்டுப் போட இந்தத் திருப்பூரில் யார் இருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன்.

அப்போது ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடுவதும், அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்வதும் என் பொறுப்பு. மத்தியானம் டிபன் பாக்ஸை ஒரு கையில் வைத்துக்கொண்டு அந்தத் தளத்துக்குள் போய்விடுவேன். கற்பனைப் பிராணிகளை மோதவிடும் கம்ப்யூட்டர் ஆட்டம் ஒன்றின் ரசிகர்கள் அங்கே கூடுவார்கள். ஆட்டத்தில் இருக்கும் பிராணிகள் போதாதென்று, தாங்களே புதிதாக ஒன்றை உருவாக்குவார்கள். அதன் உருவம், பலம், மோதும்போது அது காட்டும் வித்தைகளான மூவ் எல்லாவற்றையும் பேசிப் பேசி ஓட்டெடுத்து முடிவு செய்வார்கள்.

அதில் மூவ் விஷயம்தான் பெரிய தலைவலி. அழகுக்கு எத்தனை மூவ் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். போட்டியில் எடுபடுகிற மூவ் இத்தனைக்கு மேல் கூடாது. சில மூவ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வரவே கூடாது. சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். மொட்டையாக 'நன்றாக இருக்கும்' என்று எழுதினால் தூக்கிக் கடாசிவிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆபீஸில் காரணத்தோடு பேசினால், "நீ சும்மா இரு" என்பார்கள்.

அந்த முறை எடுத்துக்கொண்ட பிராணி, முதுகில் கல் ஓடு சுமந்து மெதுவாக நடப்பது. அடி வாங்கினாலும் நின்ற இடத்திலேயே காயத்தை ஆற்றிக்கொள்ளும் மூவ் அதற்கு வேண்டும், வேகத்தைக் கூட்டும் மூவ் வேண்டாம் என்று நான் எழுதினேன். ஏதோ ஒரு தேசத்துக்காரன் அப்படியே தலைகீழாக எழுதினான். இரண்டும் சேர்ந்து வரக் கூடாது என்பது விதி. ஆகவே, ஒன்றுதான் ஜெயிக்கும். மூன்று வாரம் சண்டை. ஒரு இடத்திலாவது என் சொல் ஏற வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி.

ஓட்டெடுப்பு தொடங்கிய அன்று நான் நான்கு ஓட்டுப் பின்தங்கியிருந்தேன். அந்த நேரம் பார்த்து குன்னத்தூரில் பெரியப்பா ஊட்டுக் கல்யாணம். இரண்டு நாள் லீவு. பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் நினைப்பெல்லாம் அந்த நான்கு ஓட்டில்தான். திரும்பி வந்து பார்த்தால் ஐந்து ஓட்டு முன்னால் நிற்கிறேன். சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. என் காரணங்களைப் படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள் என்று மறுபடி மறுபடி நானே அவற்றைப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

செக்கிங் செக்‌ஷன் அக்கா அப்போதுதான் வந்தார். தைத்த துணியில் ஒரு தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறவர். அவர் கண்ணுக்கு முதலாளியே பயப்படுவார். மத்தியானங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் புலம்பலையெல்லாம் கேட்கிற ஒரே ஆளும் அவர்தான்.

"போட்டாச்சு கண்ணு," என்றார். "எங்க செக்‌ஷன்ல ஒம்போது பேரும். நம்ம புள்ளைக்கு நாம போடாம, ஊரானா வந்து போடுவான்?"

நான் லீவில் இருந்தபோது ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் அண்ணனைப் பிடித்து, ஆளுக்கு ஒரு மெயில் ஐடி உண்டாக்கி, மவுஸைத் தொடப் பயந்தவர்களின் கையைத் தன் கையால் பிடித்து அமுக்க வைத்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்களாம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும், "ரொம்ப நன்றிங்க்கா" என்று மட்டும் வந்தது.

ஒன்பதைக் கழித்தால் நான் நின்ற இடத்திலேயே, அதே நான்கு ஓட்டுப் பின்னால்தான் நிற்கிறேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாம். ஒரு நாள் முழுக்க அப்படித்தான் இருந்தேன். பத்து விதிகளைச் சொல்லி மற்றவர்களை மடக்கியவள் பதினோராவதில் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கே சகிக்கவில்லை. மறுநாள் காலையில் தளத்தை நடத்துகிறவருக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. யார் செய்திருந்தாலும் விதி விதிதான், உங்கள் மூவ் பட்டியலை ஓட்டெடுப்பிலிருந்து எடுத்துவிட்டோம், சொன்னதற்கு நன்றி. அவ்வளவுதான். பாத்ரூமில் போய் அழுதேன்.

ஒரு வாரம் கழித்துப் பிராணி முழுசாக வந்தது. அந்தத் தேசத்துக்காரனின் மூவ்களோடு. எப்படித்தான் தெரிந்ததோ, அக்கா அன்றைக்கென்று நேராக என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"ஜெயிச்சுட்டமா கண்ணு?"

"ஜெயிச்சுட்டோங்க்கா."

வேறென்ன சொல்வது? சாப்பாட்டை விட்டுவிட்டு வரிசையில் நின்ற ஒன்பது பேரிடம், உங்கள் ஓட்டை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

"ஒருக்கா காட்டு."

திரையைத் திருப்பிக் காட்டினேன். கல் ஓட்டுப் பிராணியின் படம், பக்கத்தில் இங்கிலீஷில் மூவ்களின் பட்டியல். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொரு வரியாக விரலை இறக்கிக்கொண்டே வந்தார். துணியில் தையல் பார்க்கிற அதே நிதானம். வேகத்தைக் கூட்டும் மூவில் வந்து விரல் நின்றது.

"இதுதான் நம்முளுதா?"

"ஆமாங்க்கா."

விரலை எடுக்காமலே திரும்பிப் பார்த்து மற்ற எட்டுப் பேரையும் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து அந்த வரியைப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.