நான் ஏறாத எடை மெஷின்

ஊரார் எடையை எல்லாம் எழுதுகிறவளின் எடையை யாரும் கேட்பதில்லை என்பதுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி.

செங்கல்பட்டில் ஒரு சிறிய மருத்துவமனையில், எடை குறைய ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் நானும் அங்கேதான் இரைப்பையைச் சிறிதாக்கிக்கொண்டேன். நூற்றுப் பதினெட்டு கிலோ எழுபத்திரண்டு ஆனது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று என் இரண்டு படங்கள் என் நாற்காலிக்குப் பின்சுவரில் தொங்குகின்றன. நான் அதிகம் பேசாதவள். படம் பேசட்டும் என்று சம்மதித்தேன். இப்போது எட்டு மாதமாக நான் மெஷினில் ஏறவில்லை. சுடிதார் இறுக்கினால் துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் உங்களுக்கு இது புரியும்.

மிக்ஸி

கேளம்பாக்கத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். மூன்று மாதத்தில் ஆறு கிலோ ஏறியிருந்தது. "சோத்தத் தொடறதே இல்ல மேடம்" என்றார். மனைவி ஜன்னலைப் பார்த்தபடி, "தொடறதில்லதான். மிக்ஸில போட்டுடறாரு" என்றார். பிரியாணியில் ரசம் ஊற்றி அரைத்து, ஃபிளாஸ்க்கில் ஆபீசுக்குக் கொண்டுபோகிறாராம். கறியோடா என்று கேட்டேன். எலும்பை மட்டும் எடுத்துவிடுவாராம்.

கெட்டியாகத் தின்றால் நாலு வாயில் போதும் என்கிற வயிறு, தண்ணீராகப் போவதைத் தடுக்காது. அவர் அமைதியாக என் கையெழுத்தில் இருந்த ஒன்றரை வருடப் பழைய சீட்டை எடுத்து நீட்டினார். "ஆபரேஷன் ஆன புதுசுல எல்லாத்தையும் அரைச்சுக் குடிங்கன்னு எழுதியிருக்கீங்க. நிறுத்துங்கன்னு எங்க எழுதியிருக்கீங்க?"

கிண்ணம்

அளவுக்காக எல்லோருக்கும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் கொடுப்போம். படாளத்திலிருந்து வரும் மல்லிகாம்மா ஒரு கம்பெனி கேண்டீனில் சமைக்கிறவர். கிண்ணத்தை மஞ்சள் பையில் சுற்றி எங்கே போனாலும் எடுத்துப் போவார். ஆனால் ஆபரேஷனுக்குப் பின் நின்றுபோன சர்க்கரை மாத்திரையை டாக்டர் மறுபடி எழுதியிருந்தார். ஆடி மாதம் கோயிலில் ஊற்றிய கூழைக்கூட இதில்தான் குடித்தேன் என்று மல்லிகாம்மா அடித்துச் சொன்னார்.

ஒரு நாளைக்கு இதில் எத்தனை தடவை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனது. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கிண்ணம் அதே கிண்ணம்தாம்மா கீது. நான் இன்னா அண்டாவா தூக்கினு வந்தேன்?"

எறும்பு

சிரித்திருக்கலாம். ஆனால் அன்று காலையிலிருந்து நானும் ஒரு பாக்கெட் முறுக்கை, ஒருவர் போய் அடுத்தவர் வரும் இடைவெளியில், ஒவ்வொன்றாக முடித்திருந்தேன்.

மறுநாள் நர்ஸ் ஜெசிந்தா அக்கா மேஜையைத் துடைக்க வந்தார். என் டிராயரிலிருந்து எறும்புச் சாரை இறங்கிக்கொண்டிருந்தது. நான் தடுப்பதற்குள் திறந்துவிட்டார். ஃபைல்களுக்கு அடியில் முறுக்கு, கடலை மிட்டாய், காலி ஜூஸ் பாட்டில்கள். அக்கா ஈரத்துணியால் துடைத்து, டிராயரை மூடி, மெஷினைக் கண்ணால் காட்டினார். மாட்டேன் என்று தலையாட்டினேன். "சரிடி. எறும்புக்குத் தெரிஞ்சது டாக்டருக்குத் தெரிய எத்தன நாளாவும்?"

தங்கச்சி

நான்கு நாள்கூட ஆகவில்லை. கருங்குழியிலிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். ஆபரேஷனுக்குச் சரி சொல்வதா வேண்டாமா என்று அன்று முடிவு செய்யவேண்டும். சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தக் குண்டு படம் நீங்கதான்னு தெரியுது மேடம். பக்கத்துல ஒல்லியா நிக்கிறது உங்க தங்கச்சியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினேன். குனிந்து பார்க்க முடியவில்லை. அந்த அம்மாதான் படித்தார்: "தொண்ணூத்தாறு." இருபத்துநாலு கிலோ திரும்ப ஏறியிருந்தது. எடை எழுபதுக்கும் கீழே இறங்கிவிடும் என்று ஒரு காலத்தில் நினைத்தவள் நான்.

"ரெண்டும் நான்தான்" என்றேன். "அப்ப, பண்ணாலும் திரும்ப வந்துடுமா?" என்றார் அம்மா. எனக்கு வந்துவிட்டது, ஒளித்து ஒளித்துத் தின்றேன், டாக்டரிடமும் சொல்லவில்லை என்றேன். எழுந்து போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பெண் நகரவில்லை. "மூணாவது படத்தையும் மாட்டுங்க மேடம். அதையும் பாத்துட்டு நான் முடிவு பண்றேன்."

டாக்டரிடம் அன்றே சொன்னேன், திங்கள்தோறும் ஜெசிந்தா அக்கா முதலில் என்னைத்தான் மெஷினில் ஏற்றுகிறார், மூன்றாவது படமும் மாட்டியாகிவிட்டது, அதற்கு நிற்கும்போதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.