நாலு வெந்தயமும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும்

என்னைச் சின்னப்பிள்ளை என்று யாராவது சொன்னால் பொறுத்துக்கொள்வேன். என் காரைப் பொம்மை என்று சொன்னால் மட்டும் இன்றைக்கும் பொறுக்காது. அந்தச் சொல்லை முதன்முதலில் என் காதில் போட்டவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்து டவுன்ஷிப்பில் இருந்தோம். அவரும் நானும் ஒரே அலுவலகம். எல்லாவற்றிலும் அவர் எனக்கு ஒரு படி மேலே. பதவியிலும் மேலே, குவார்ட்டர்ஸிலும் மேலே. அவருக்கு மூன்றாவது மாடி, எனக்குத் தரைத்தளம். அவரிடம் பழைய கார் ஒன்று இருந்தது, என்னிடம் ஒரு சைக்கிள். அலுவலக வேலையாக வெளிநாடு போய்த் திரும்பியபோது ஒரே மாதிரியான இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்தார். மேலே ஸ்போர்ட்ஸ் காரின் படம். உள்ளே சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் பாகங்கள். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து ஒட்டி வண்ணம் பூசினால், உள்ளங்கையில் வைத்துக்கொள்கிற அளவில் ஒரு கார் கிடைக்கும். ஒரு பெட்டியைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்றதைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என் கையில் கொடுத்தார்.

"நெஜ காரு வாங்குற வரைக்கும் இந்த பொம்மய ஓட்டிகினு இரு மாப்ள" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? என் மனைவிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்துவிட்டேன்.

எங்கள் டவுன்ஷிப் கிளப்பில் வருஷா வருஷம் விஜயதசமியன்று கைவினைக் கண்காட்சி வைப்பார்கள். தையல், ஓவியம், தெர்மகோல் கோபுரம் என்று எல்லாம் வரும். மச்சான் தன் காரை வைக்கப்போவதாக அலுவலகப் பேருந்தில் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் பெயர் கொடுத்தேன். பரிசு கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அதைப் பார்த்து ஒருவராவது பொம்மை என்று சொல்லாமல் இருக்கவேண்டும். மச்சான் காதில் விழும்படி சொல்லாமல் இருந்தால் இன்னும் விசேஷம்.

பெட்டியில் வந்ததை வந்தபடி ஒட்டினார் மச்சான். குறை சொல்லமுடியாத சுத்தம். வெளிநாட்டு ஸ்ப்ரே டப்பாவில் வெள்ளை அடித்து, முகம் பார்க்கலாம் என்கிற பளபளப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். பளபளப்பில் அவரோடு மோதினால் மண்ணைக் கவ்வுவேன் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் காருக்கு உள்ளே போனேன்.

முதலில் கதவு. பெட்டியில் வந்த காரின் கதவுகள் உடம்போடு ஒட்டிப் பிறந்தவை, திறக்காது. பிளேடின் முதுகுப்பக்கத்தால் கதவின் கோட்டை மெல்லக் கீறிக் கீறி, இரண்டு கதவையும் தனியே எடுத்தேன். செம்புக் கம்பியில் கீல் செய்து மாட்டினேன். கதவு திறந்தது. திறந்ததும்தான் புரிந்தது, விலை கொடுத்து வினையை வாங்கியிருக்கிறேன் என்று. கதவு திறக்காதவரை உள்ளே என்ன இருந்தால் என்ன? திறந்துவிட்டால் உள்ளே எல்லாம் இருந்தாக வேண்டும்.

இருக்க வைத்தேன். அறுந்துபோன டெலிபோன் ஒயரைப் பிரித்து என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் ஒயர் இழுத்தேன். சாட்டின் ரிப்பனைக் கீற்றாக நறுக்கி சீட் பெல்ட். அதன் கொக்கிக்குத் தலைவலி மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள். பழைய நகைப்பெட்டியின் வெல்வெட்டைச் சுரண்டி எடுத்த தூளைப் பசைமேல் தூவினால் தரைவிரிப்பு. டாஷ்போர்டு முள்களுக்குமேல் நிறமில்லாத நகப்பாலிஷில் ஆளுக்கொரு சொட்டு, அது காய்ந்தால் கண்ணாடி.

வண்ணம்தான் உயிரை எடுத்தது. எங்கள் ஊரில் உச்சிவேளை தாண்டினால் கடற்காற்று மணலையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஈர வண்ணத்தைக் கண்டால் அதற்கு அவ்வளவு ஆசை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல்களை அடைத்து, ஃபேனை நிறுத்தி, அறைக்குள் வெந்துகொண்டு வெள்ளை பூசுவேன். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் கல்லை வழவழப்பாக்கத் தேய்க்கும் எமரித்தாள் கொஞ்சம் வாங்கிவந்திருந்தேன். அதைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பேன், மறுபடி பூசுவேன். வீட்டில் எல்லோரும் இட்லியாகிவிட்டோம் என்று மனைவி சலித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து பார்த்தபோதும் ஏதோ குறைந்தது. கதவைத் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் நானே உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். கை தானாக ஸ்டீயரிங்குக்குக் கீழே போனது. சாவி இல்லை.

எள்ளைவிடச் சின்னச் சாவி அது. செம்பு இழையின் நுனியைத் தட்டித் தட்டையாக்கி, துளையிட்டு, மயிரிழை வளையத்தில் கோத்து, வளையத்தின் மறுமுனையில் துளியூண்டு தோல் பட்டையும் தொங்கவிட்டேன். செய்து முடித்த நிமிஷமே தும்மிவிட்டேன். சாவி போயே போய்விட்டது. நானும் மனைவியும் டார்ச்சை அடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்தோம். சத்தம் கேட்டு வந்த பக்கத்துவீட்டுக்காரர் என்ன தொலைந்தது என்றார். சாவி என்றாள் இவள். மனுஷன் பதறிப்போய், பீரோ சாவியா, வீட்டுச் சாவியா, பூட்டை உடைக்க ஆள் கூட்டிவரட்டுமா என்றார். கார் சாவி என்றேன் நான். என்னையும் என் சைக்கிளையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சாவி கிடைக்கவேயில்லை. இன்னொன்று செய்து, இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன்.

இதற்கிடையில் செங்கல்பட்டிலிருந்து மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. மாடிப்படி ஏறக் கூடாது என்பதால் மகன் வீட்டுக்குப் போகாமல் எங்களிடம் தங்கினார். கட்டு அவிழ்த்ததும் மச்சான் தன் காரைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல வெள்ளை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். புதுக் கண் வந்ததிலிருந்து அந்த அம்மா வீட்டில் பார்க்காதது எதுவுமில்லை. மின்விசிறித் தூசி, என் காதோர நரை, எதுவும் தப்பவில்லை.

ஆயுத பூஜையன்று பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பிவந்து பூஜை அலமாரியைப் பார்த்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். பிள்ளைகளின் புத்தகங்கள், அரிவாள்மனை, கத்தரிக்கோல், என்னுடைய பிளேடு, இடுக்கி, தூரிகைகள் எல்லாம் பொட்டு வைத்து வரிசையாக இருந்தன. நடுவில் என் கார். அதன் வெள்ளை பானெட்டில் சந்தனமும் குங்குமமும்.

மறுநாள் காலை கண்காட்சி. குங்குமச் சாயம் வெள்ளை வண்ணத்தில் இறங்கினால் போகாது. துடைத்தால் இழுவும். சுரண்டிவிட்டுப் பூசலாம் என்றால் கருவிகள் எல்லாம் சாமிக்கு முன்னால் இருக்கின்றன. மறுநாள் பூஜை முடியும்வரை தொடக் கூடாது. மாமியாரிடம் கோபத்தைக் காட்டமுடியாது, அதற்கென்றுதான் மனைவி இருக்கிறாள். அடுக்களைக்குள் போய் அவளிடம் குரலை உயர்த்தாமலே கத்தினேன். மகன் ஜெயிக்கட்டும் என்றுதான் உன் அம்மா இதைச் செய்தார் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, போய் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்றாள்.

போனேன். பக்கத்தில் மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்.

"புது வண்டி மாப்ள. பூஜ போடாம எப்டி வெளிய எடுப்பீங்க?" என்றார்.

குனிந்தேன். பொட்டு விரலால் வைத்ததல்ல. ஊதுவத்திக் குச்சியின் நுனியால் வைத்தது. நிஜக் காரின் பானெட்டில் உள்ளங்கை அகலப் பொட்டு எப்படி இருக்குமோ, அதே கணக்கில் இருந்தது. ஸ்டீயரிங்கின் நடுவிலும் ஒரு பொட்டு. கதவைத் திறந்து ஊசிமுனையால் வைத்திருக்கிறார். பானெட்டின் குறுக்கே தும்பைப்பூ மாலை. நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். இன்னும் குனிந்து பார்த்தேன். வெந்தயம்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை மாதம் மாத்திரை அட்டையும் டெலிபோன் ஒயருமாகப் பொறுக்கி அலைந்த எனக்கு, எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் எலுமிச்சம்பழம் இருப்பது தோன்றவே இல்லையே என்றுதான் இருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அடுக்களைக்குப் போய் ஒரு கிண்ணம் சுண்டல் கேட்டேன். மனைவி கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் காரை அப்படியே கொண்டுபோனேன். கிளப் மேஜைமேல் நாலு வெந்தயத்தை வைத்து, சக்கரங்களை அவற்றின்மேல் சரியாக நிறுத்தினேன். மச்சான் தன் காரைப் பக்கத்து மேஜையில் வைத்து மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என் பானெட்டைப் பார்த்து, வெள்ளையைக் கெடுத்துக்கொண்டாயே மாப்ள என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

நடுவர்கள் வந்தார்கள். மூவரில் மூத்தவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். மச்சானின் காரைச் சுற்றி வந்து நன்றாக இருக்கிறது என்றார். என் காரிடம் வந்தவர் நகரவில்லை. கன்னம் மேஜையில் படும்படி தலையைச் சாய்த்து வெந்தயத்தைப் பார்த்தார். லென்ஸை வாங்கிக் கதவுக்குள் பார்த்தார். மற்ற இருவரையும் கூப்பிட்டு உள்ளே காட்டினார். அவர்களும் முறைபோட்டுத் தலையைச் சாய்த்தார்கள். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. மூத்தவர் நிமிர்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு,

"இது யாரு வண்டிங்க?" என்று கேட்டார்.

வண்டி. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்தான் வந்தது. என் வண்டிதான் சார் என்றேன். எனக்கே என் குரல் கொஞ்சம் பெரியதாகக் கேட்டது.

முதல் பரிசு எனக்கு. எவர்சில்வர் டிபன் கேரியர், மேலே கிளப்பின் பெயர் பொறித்தது. மச்சானுக்கு ஒன்றுமில்லை, இரண்டாம் பரிசு ஒரு தெர்மகோல் கோபுரத்துக்குப் போனது. கைதட்டினார்கள். நான் டிபன் கேரியரைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு டவுன்ஷிப்பின் எல்லாத் தெருக்களையும் சுற்றித்தான் வீட்டுக்கு வந்தேன். மனைவி கூடவே நடந்தாள். காரை அவள்தான் இரண்டு கையாலும் ஏந்திவந்தாள்.

சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடம் கை கொடுத்தார், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்ததும் மனசில் இருந்தது வெளியே வந்துவிட்டது. நானும்தானே அதே காரை உன் கையில் கொடுத்தேன், அதற்கு ஏன் ஒரு பொட்டு வைக்கவில்லை, மாப்பிள்ளைக்கு மட்டும்தானா பூஜை என்று சின்னப்பிள்ளை போலக் கேட்டார்.

மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மகனை நேராகப் பார்த்தார்.

"உன்து பொம்மடா. மாப்ள வண்டில சாவி கீது" என்றார்.

நான் எழுந்து உள்ளறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் ஒரு குதி குதித்தேன்.