பறிபோன குரங்கு வேஷம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, எங்கள் டீச்சர் ஆண்டுவிழாவில் பூமியின் வரலாற்றையே மேடையேற்றத் துணிந்தார். முதலில் நெருப்புக் கோளம், பிறகு கடல், கடலிலிருந்து மீன். அப்புறம் தவளை, ஓணான், குரங்கு என்று ஒவ்வொன்றாக வந்து கடைசியில் மனிதன். அத்தனையும் சட்டென்று முடிந்தாக வேண்டும். அடுத்து ஒயிலாட்டம் இருந்தது.

எனக்குக் குரங்கு வேஷம். மீன், தவளை, ஓணான் எல்லாம் என்னைப் போலக் காசிமேட்டு மீனவப் பிள்ளைகள்தான். டீச்சரின் மகள் மட்டும் மனிதன். அவளுக்குக் கோட்டு, கண்ணாடி, கையில் ஒரு தடிப் புத்தகம். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கோ கயிற்று வால், குட்டிக்கரணம், சிறப்பு விருந்தினரின் தட்டிலிருந்து வாழைப்பழத்தைப் பிடுங்கும் உரிமை. வீட்டில் கட்டிலிலிருந்து பீரோவுக்குத் தாவிப் பழகினேன்.

துறைமுகத்தில் மீன் விற்றுவிட்டு வந்த அம்மா, பீரோ மேலிருந்த என்னை அண்ணாந்து பார்த்து விஷயத்தைக் கேட்டாள். மறுநாள் கூடையோடு நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டாள்.

"இன்னா டீச்சர், எம் பொண்ணப் பாத்தா கொரங்காட்டமா கீது?"

டீச்சர் பதறினார். "ஐயோ, அப்படியில்லம்மா. நாம எல்லாருமே அதுலேர்ந்துதான் வந்தோம். அறிவியல் அது."

"எல்லாரும்தானே? அப்போ உம் பொண்ணுக்கு வாலக் கட்டு. எம் பொண்ணு கோட்டு போடட்டும்."

டீச்சர் நோட்டைத் திறந்து எங்கள் இருவரின் வேஷத்தையும் மாற்றி எழுதினார்.

நான் அங்கேயே தரையில் புரண்டேன். "எனக்கு வால் வேணும்மா!"

"வாய மூட்றீ. நீ மனுசி."

விழா வரைக்கும் அம்மாவிடம் நான் பேசவில்லை.

டீச்சரின் மகள் அன்று வெளுத்து வாங்கினாள். வாழைப்பழத்தைப் பிடுங்கியதோடு நிற்காமல் சிறப்பு விருந்தினரின் சால்வையையும் உருவிக்கொண்டு பந்தல் கம்பத்தில் ஏறினாள். விசில் பறந்தது. ஓணான் சிரித்துச் சிரித்துத் தன் வாலையே மிதித்து விழுந்தான்.

பிறகு, "ஆறறிவு படைத்த மனிதன்!" என்று மைக் முழங்க, முழங்கால்வரை தொங்கிய கோட்டில் நான் போய்ப் புத்தகத்தைத் திறந்து நின்றேன். நிற்பதுதான் நடிப்பு.

"யப்பா, அந்தக் கொரங்க மறுபடி வுடுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

கடைசி வரிசையில் அம்மா நாற்காலி மேல் ஏறி நின்று செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். அவள் கண்களிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. அவளால்தான் என் வேஷம் இவ்வளவு மட்டமாகிவிட்டது என்று இப்போதாவது அவளுக்குப் புரிந்ததே என்று நினைத்து, மேடையில் நின்றபடியே அவளை மன்னித்துவிட்டேன்.