வினாகிரி போட்டுத் துடைச்ச வானம்

எங்கடை கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஜேர்மனியிலை, பான் நகரத்திலை வீடு வீடாய்ப் போய் வயசானவையைப் பராமரிக்கிறதுதான் என்ரை வேலை. மருந்து குடுக்கவேணும், சாப்பாடு வைக்கவேணும், அரை மணித்தியாலத்திலை அடுத்த வீட்டுக்கு ஓடவேணும். கண்ணாடி துடைக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கிறேல்லை. ஆனால் ஊத்தையைக் கண்டால் என்னாலை விட ஏலாது.

நான் போற வீடுகளிலை ஒண்டிலை இருந்த ஜேர்மன் மனிசி வானியல் பேராசிரியையாய் இருந்து ஓய்வு எடுத்தவ. எண்பது தாண்டியும் வேலையை விடேல்லை. முந்தி வானத்தைப் படம் பிடிச்ச கண்ணாடித் தகடுகளை இரவலாய் வாங்கி, யன்னலடி மேசையிலை அடுக்கி வைச்சிருந்தா. ஒவ்வொரு தகட்டிலையும் ஒரே நட்சத்திரத்தைத் தேடி, அதைச் சுத்தி மையாலை வட்டம் போட்டு, எவ்வளவு வெளிச்சம் எண்டு பக்கத்திலை இலக்கம் எழுதுவா. வெளிச்சம் கூடிக் குறையிற நட்சத்திரமாம். நாப்பது வருசமாய் அதோடைதான் சீவியம். "ரெண்டு புருசன்மாரும் போயிட்டினம். இது மட்டும் போய்ப் போய்த் திரும்பி வருது" எண்டு சொல்லிச் சிரிப்பா.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் போகத் தொடங்கின மூண்டாம் நாள் கண்டது பன்னிரண்டு கண்ணாடியும் மைக் கிறுக்கலும்தான். மனிசி குளிச்சிட்டு வரமுதல் வினாகிரியும் பழைய பேப்பருமாய் எல்லாத்தையும் பளிச்செண்டு துடைச்சு வைச்சிட்டன்.

மனிசி வந்து கண்ணாடியளை முகத்துக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தா. "என்ரை வட்டமெல்லாம் எங்கை?"

நல்லகாலம், படம் மற்றப் பக்கம் இருந்தபடியாலை மை மட்டும்தான் போனது. ஆனால் இலக்கங்களை வேறை ஒரு இடத்திலையும் எழுதி வைக்கேல்லையாம். மாசக் கடைசியிலை தகடுகளைத் திருப்பிக் குடுக்கவேணும். அதுக்கிடையிலை கடைசிக் கட்டுரையை முடிக்கவேணும். மனிசிக்குக் கண்ணும் மங்கிக்கொண்டு வருது. ஐயோ மாதாவே, ஒரு மனிசியின்ரை உழைப்பை வினாகிரி போட்டுக் கழுவிட்டனே எண்டு அழுதிட்டன்.

"அழாதேங்கோ. உங்கடை வேலைக் கந்தோருக்குச் சொல்லமாட்டன்" எண்டா. "துடைச்ச ஆளே திரும்பப் போடுங்கோ. சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்கோ, அதுதான் உங்கடை டெர்மின்."

நாலு சனிக்கிழமை போனன். எனக்கும் அம்பது தாண்டிட்டுது, மூக்குக் கண்ணாடிக்கு மேலை பூதக்கண்ணாடியும் பிடிக்கவேணும். அந்தத் தகட்டிலை எல்லாம் மறுதலை: வானம் வெள்ளை, நட்சத்திரம் கறுப்பு; புள்ளி பெரிசெண்டால் வெளிச்சம் கூட. மிளகுத்தூளைக் கொட்டின மாதிரிக் கிடக்கும், கோதாரி! மனிசி பக்கத்திலை இருந்து, "இடப்பக்கத்திலை இருக்கிறதை விடப் பெரிசோ? கீழை இருக்கிறதை விடச் சின்னனோ?" எண்டு கேட்டுக் கேட்டு இலக்கம் சொல்லுவா. நான் எழுதுவன்.

ஒன்பதாவது தகட்டிலை நட்சத்திரம் இருக்கவேண்டிய இடத்திலை ஒண்டுமே இல்லை. மனிசியின்ரை முகத்தைப் பாக்கப் பாவமாய் இருந்தது. "மெல்லிசாய்த் தெரியுது" எண்டு சொல்லிவிட்டன். "எந்தப் பக்கம்?" எண்டு கேட்டா. நான் பூதக்கண்ணாடியை அங்கையும் இங்கையும் நகத்தினன். "காணாட்டில் காணேல்லை எண்டு எழுதுங்கோ. அதையும் எழுதத்தான் வேணும்" எண்டா. வெக்கத்திலை எனக்குக் காது சுட்டுது.

கடைசிச் சனிக்கிழமை பன்னிரண்டும் முடிஞ்சு, எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். மனிசி மெதுவாய்ச் சொன்னா, "நீங்கள் துடைச்ச வட்டங்கள் நான் கண்ணாலை பாத்துப் போட்டவையில்லை. அதுக்கு முதலே பார்வை போயிட்டுது. எனக்குத் தெரிஞ்ச நட்சத்திரம்தானே எண்டு மனதாலை போட்டுவிட்டன். அதைத்தான் கட்டுரையிலை எழுத இருந்தனான்."

எனக்குக் கொதி வந்திட்டுது. "அப்ப இவ்வளவு நாளும் என்னை ஏன் அழ விட்டனீங்கள்? நான் நித்திரை கொள்ளேல்லை, தெரியுமோ? அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வெக்கமாய் இருந்தது" எண்டா. "அது உண்மையிலை எப்பிடி இருக்குது எண்டு அறியவும் ஆசையாய் இருந்தது."

பிறகென்ன கோவம்? கதிரையை இழுத்துப் பக்கத்திலை இருந்தன்.

"ஒன்பதாவதிலை நான் என்ன போட்டிருந்தன் தெரியுமோ? நல்ல வெளிச்சம் எண்டு." தடவிப் பாத்து என்ரை கையைப் பிடிச்சா. "இன்னொருக்கால் பாருங்கோ."

பாத்தன். இந்தமுறை பாவம் பாக்கேல்லை.

"காணேல்லை" எண்டு சொன்னன்.

"நல்லது" எண்டா, கையை விடாமலே. "கட்டுரையிலையும் அப்பிடியே எழுதுங்கோ."