கரீபியன் போக உத்தரவு கேட்டார்கள்

காலை ஆறு பத்து. புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி என் தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டவை பயணப் பெட்டிகள். போர்ட்டிகோவில் கார் நிற்க வேண்டிய இடத்தில், பெரியதிலிருந்து சிறியது வரை, வரிசையாக நின்றன. எல்லாம் நாவற்பழ நிறம். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. எந்தத் தீவு, எத்தனை நாள், எத்தனை பேர் என்பது எதுவும் முடிவாகியிருக்கவில்லை. பெட்டி வாங்கியாகிவிட்டது.

என்னை சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து அந்த நேரத்துக்கு வரச் சொன்னவர் தங்கையின் கணவர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். அவை மத்தியப் பிரதேசத்தில் ஓடுகின்றன. அவர் இங்கிருந்து தொலைபேசியில் ஓட்டுகிறார். நான் வேலைக்காலம் முழுவதும் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளைத் திருத்திக்கொண்டு இருந்தவன். ஆகவே உலக விஷயம் எதையும் என்னிடம் கேட்கலாம் என்பது அவர் எண்ணம். கேட்பார். பதிலைக் காதில் வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"வாங்க மச்சான். பெட்டி எப்படிங்க இருக்குது?"

"நன்றாக இருக்கிறது. எங்கே போகிறீர்கள்?"

"கரீபியனுங்க."

காரணம் சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தது. அவருடைய பங்காளி, அதாவது பெரியப்பா மகன், கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மாலத்தீவு போய் வந்திருந்தார். நீச்சல் குளத்தில் ஒரு தட்டு மிதக்கிறது, தட்டில் காலை உணவு, தட்டுக்குப் பின்னால் பங்காளி. இந்தப் படம் ஒரு வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்தது. மாப்பிள்ளை உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு மாலத்தீவைவிடத் தூரமான கடலைத் தேடியிருக்கிறார். கிடைத்தது.

"வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்காரர்கள் ஊர்தான் அது" என்றேன்.

அவர் முகம் சற்று இறங்கியது. "அவங்க ஊருங்களா? போட்டோவுல பூரா வெள்ளக்காரந்தானுங்களே படுத்திருக்கான்."

"அவர்கள் விருந்தாளிகள். உங்களைப் போல."

இது அவருக்குப் பிடித்திருந்தது. பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

தங்கை காபி கொண்டு வந்தாள். அவள் ஆத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த இடத்துப் பேச்சை இங்குள்ளவர்களைவிட அழுத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். போகும் இடத்துக்கு என்னென்ன எடுத்துக்கொள்வது என்பது அவள் பொறுப்பு. அரிசி, பருப்பு, இட்லிப் பொடி, ஊறுகாய், மின்சாரக் குக்கர். இரண்டு பெட்டிகள் சமையலுக்கு. அங்கே மீன் நன்றாக இருக்கும் என்றேன்.

"கண்ட மீனையும் தின்னுபோட்டுக் கொழந்தைகளுக்கு ஆகாமப் போச்சுன்னா?"

"கடலில் யார் யார் இறங்கப் போகிறீர்கள்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "எறங்கறதுக்கு என்னண்ணா இருக்குது? பாக்கத்தானே போறம்" என்றாள் தங்கை. பூமிக்குள் ஆயிரம் அடி துளை இறக்கித் தண்ணீர் எடுத்துத் தரும் குடும்பத்தில் பெரியவர்கள் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. அதில் அவர்களுக்குக் குறையும் இல்லை.

அந்த வீட்டில் கடல் வேண்டியிருந்தது ஒருத்திக்குத்தான். அவர்களுடைய மகளுக்கு அப்போது பதினொரு வயது. விடுமுறைகளில் ஆத்தூரில் என் தம்பியின் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டிக்கொண்டு நீச்சல் பழகி, அடுத்த விடுமுறையில் கேனைக் கழற்றி எறிந்தவள். மேட்டிலிருந்து ஓடிவந்து குதிப்பாள். மேலே வந்து மூச்சு வாங்காமல் அடுத்த ஆள் யார் என்று கேட்பாள். நான் வண்டியை எடுக்கப் போனபோது பின்னாலேயே வந்தாள்.

"மாமா, இந்த வருசமே போறமாதிரி அப்பாகிட்டச் சொல்லுங்க மாமா."

"ஏன், அடுத்த வருடம் போனால் என்ன?"

"அடுத்த வருசம் அம்மா எறங்க உடாது. நான் பெரியவளாயிட்டா நாலு பேருக்கு முன்னாடி தண்ணிக்குள்ள எறங்கக் கூடாதாம். கெணத்துக்குமே இதுதான் கடைசியாம். இப்பன்னா சரின்னு சொல்லிருக்குது."

செய்தி சொல்பவள் போல, அழாமல் சொன்னாள். நான் திரும்ப உள்ளே போனேன்.

மாதத்தை மாப்பிள்ளை ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருந்தார். வடக்கே மழை பெய்யும் மாதங்களில் ரிக் ஓடாது. வண்டிகள் ஊருக்குத் திரும்பி பட்டறையில் நிற்கும். அது முடிவதற்குள் பள்ளியில் காலாண்டு விடுமுறையும் வந்துவிடும். ஆக, செப்டம்பர் கடைசி. தன் தொழிலுக்கு எப்போது ஓய்வோ அப்போது உலகமும் ஓய்வாக இருக்கும் என்பது ரிக் வைத்திருப்பவர்கள் பலரிடம் நான் கண்ட நம்பிக்கை.

"செப்டம்பரில் அங்கே புயல் காலம்" என்றேன். ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதம் கூரை பறந்த வீட்டின் படமும் ஒரு பத்திச் செய்தியும் என் மேசைக்கு வரும். நான்தான் தலைப்பு வைப்பேன். இதையும் சொன்னேன்.

"மழைன்னாத்தானுங்க மச்சான் நமக்கு லீவே. மழைக்குப் பயந்தா எங்கயும் போக முடியாது."

"இது மழை இல்லை. விமானம் போகாது. கடற்கரையை மூடிவிடுவார்கள்."

"ஏஜெண்டு சொன்னாருங்க, அந்த மாசம் கூட்டமே இருக்காதாம். பாதி ரேட்டாம். நாமதான் கரெக்டாப் புடிச்சிருக்கறமாம்."

சேலத்தில் இருக்கும் அந்த ஏஜெண்டு, கூட்டம் ஏன் இருக்காது என்பதைச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. யாரும் வாங்காத பொருள் மலிவாகக் கிடைத்தால் அது தன் சாமர்த்தியம் என்று நினைப்பவர் அவர்.

இந்த வருடம் இல்லாவிட்டாலும் வருகிற மே மாதமாவது போகச் சொன்னேன். கடல் அமைதியாக இருக்கும், பள்ளிக்கும் முழு விடுமுறை. அவர் சிரித்தார். மே மாதம் எல்லாக் கிணறும் வற்றும் மாதம். ரிக் இரவும் பகலும் ஓடும்.

"மே மாசம் ரிக்கை உட்டுப்போட்டுக் கடலைப் பாக்கப் போனேன்னா ஊரே சிரிக்குமுங்க."

"நீங்கள் இருங்கள். இவளும் குழந்தைகளும் போய் வரட்டும்."

பதில் தங்கையிடமிருந்து வந்தது. "அவரு இல்லாம நாங்க மட்டும் போயி போட்டோ எடுத்துப் போட்டா, பாக்கறவங்க என்னண்ணா நெனப்பாங்க?"

மகள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

என் பேச்சில் மாப்பிள்ளை அசையவில்லை. ஆனால் தங்கைக்குப் புயல் என்ற சொல் உறுத்தியிருக்கிறது. ஆவணி மாதம் அழைத்தார்கள். குலதெய்வக் கோயிலில் பூ கேட்கப் போவதாகவும் தாய்மாமனும் கூட இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். போனேன்.

பூ கேட்பது இந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கும், கிணறு வெட்டுவதற்கும், கூட்டுத் தொழில் தொடங்குவதற்கும் உள்ள வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை இன்னொன்றாகவும் வெளியே வித்தியாசம் தெரியாதபடி மடித்து சாமி காலடியில் வைப்பார்கள். நினைத்ததைச் சொல்லி, ஒரு சின்னக் குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. வானிலை ஆய்வுக்கு இதைப் பயன்படுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

பூசாரி மணி அடித்தார். மாப்பிள்ளை உரக்கக் கேட்டார்: இந்த வருடம், காலாண்டு லீவில், கரீபியன். மகளின் தம்பி, ஆறு வயதுப் பையன், ஒரு பொட்டலத்தை எடுத்தான். சிவப்பு.

"தம்பி ஒண்ணைத் தொட்டுட்டு மாத்தி எடுத்துட்டான். மறுக்காக் கேளுங்க" என்றார் மாப்பிள்ளை.

மறுபடியும் சிவப்பு.

மகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு யோசித்தார். தகராறு வந்தால் அவர் கேள்வியை மாற்றுவார், முடிவை மாற்ற மாட்டார், வியாபாரத்திலும் அப்படித்தான். "அடுத்த வருசம் காலாண்டு லீவுக்குப் போகலாமான்னு கேளுங்க சாமி."

வெள்ளை வந்தது. தங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா மச்சான், உத்தரவு குடுத்துருச்சு."

"அடுத்த வருடமும் செப்டம்பரில் அங்கே புயல்தான்."

"அதான் உத்தரவு வந்துருச்சுங்களே."

அப்போது மகள் தூணை விட்டு முன்னால் வந்தாள். "அப்பா, மே மாசத்துக்குக் கேளுங்கப்பா. வர்ற மே மாசம். ஒருக்காக் கேளுங்கப்பா."

பூசாரி புதிதாக இரண்டு பொட்டலம் மடிக்கத் தொடங்கிவிட்டார். "கேட்டுரலாமுங்களா?"

"வேண்டாமுங்க" என்றார் மாப்பிள்ளை. மகள் தலையில் கை வைத்தார். கோபமே இல்லை, அன்பாகத்தான் சொன்னார். "மே மாசத்தைப் பத்திச் சாமிகிட்ட என்ன கண்ணு கேக்கறது? அது ரிக்கு ஓடற மாசமாச்சே."

பூசாரி பூவைத் தட்டில் கொட்டினார். கடவுளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதில் அந்த இடத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அடுத்த வருசம் என்னை எறங்க உடுவியாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"அதை அப்பப் பாத்துக்கலாம். செருப்பைப் போடு, வா" என்றாள் தங்கை.

அன்று மாலையே மாப்பிள்ளை ஸ்டேட்டஸ் வைத்தார். தென்னை சாய்ந்த ஒரு கடற்கரைப் படம். கீழே, அடுத்த வருடம் குடும்பத்துடன் கரீபியன். பங்காளி பார்த்துவிட்டாரா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, பார்த்துவிட்டார் என்று என்னிடம் காட்டினார். போகாமலேயே போய் வந்த பலன் கிடைத்துவிட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் தீவுகளைப் பற்றிப் பேச்சு எழவில்லை. மழை முடிந்து ரிக் வண்டிகள் வடக்கே போயின.

தை மாதம் என் தங்கை மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீரை நான் எடுத்துக்கொண்டு போனேன்.