ஸ்பாம் பெட்டியைத் திறந்து காட்டியவர்

பெருங்களத்தூரில் எங்கள் கம்பெனியின் மெயில் சர்வரை அமைத்தவர் அவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் முழங்கையில் தொங்கும் ஹெல்மெட். காலையில் இன்பாக்ஸுக்கு முன்னால் ஸ்பாம் பெட்டியைத்தான் திறப்பார்.

"புது சர்வர் சார். முதல் நாள் அம்பது மெயில், அப்புறம் நூறுன்னு மெல்லத்தான் ஏத்தணும். இல்லன்னா மெயில் வாங்குற கம்பெனிங்க நம்மள ஸ்பாம்னு முத்திரை குத்திடுவாங்க" என்றார். மேனேஜர் கேட்கவில்லை. எங்கோ வாங்கிய முகவரிகளுக்கெல்லாம் ஒரே நாளில் விளம்பரம் அனுப்ப வைத்தார். மறுநாளிலிருந்து எங்கள் மெயில் எதுவும் யார் கண்ணிலும் படவில்லை. பழி அவர் மேல் விழுந்தது. எல்லார் முன்னாலும் "தண்டச்சோறு" என்று திட்டி அவரை வேலையை விட்டு அனுப்பினார் மேனேஜர். நான் வாய் திறக்கவில்லை.

போன மாதம் கேளம்பாக்கத்தில் ஒரு பெரிய கம்பெனிக்குக் கொட்டேஷன் அனுப்பினோம். பதிலே இல்லை. விசாரித்து வரச் சொல்லி மேனேஜர் என்னை அனுப்பினார். அங்கே மெயிலைக் கவனிப்பவர் அதே ஹெல்மெட்காரர்தான்.

திரையை என் பக்கம் திருப்பினார். ஸ்பாம் பெட்டியில் மேனேஜரின் மூன்று மெயில்கள்.

"கொட்டேஷனுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்ணா. எடுத்து விடுங்களேன்."

"நான் எதையும் தடுக்கலையே. இது அவரே ஒரே நாள்ல சம்பாதிச்ச பேரு" என்றார், சிரிக்காமல்.

வெளியே வந்து மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"மூணு மெயிலும் வந்து சேர்ந்திருக்கு சார். என் கண்ணால பாத்தேன். நீங்க நிம்மதியா இருங்க."