மூன்று நிறத் தட்டுகளும் மீன்காரம்மாவின் கடைவாயும்

அந்த யோசனை வந்தபோது என் இரண்டு விரல்கள் ஒரு மீன்காரம்மாவின் வாய்க்குள் இருந்தன. கையுறை போட்டிருந்தேன், அது சரி. பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன், அதுவும் சரி. அழுத்திய பக்கம்தான் தப்பு.

“ஆ… ஆ…” என்று அந்தம்மா கையை ஆட்டினார். வலிக்கிறது போல என்று நினைத்து, ஆறுதலாக இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

“ஏய், அந்தப் பக்கம் பல்லு இருக்குதுடீ. புடுங்கினது இந்தப் பக்கம்” என்றார் என்னோடு வேலை பார்க்கும் அக்கா, விளக்கைத் திருப்பிக்கொண்டே.

எதிரில் சாய்ந்திருப்பவரின் இடது நமக்கு வலது. விலங்கியல் படித்தவள் நான். தவளையின் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இடம் வலம் மாறாமல் குறித்து மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தத் தவளை கத்தவில்லை, அதுதான் வித்தியாசம்.

சரியான பக்கம் மாறி அழுத்தியபோது ரத்தம் மெல்ல அடங்கியது. அப்போதுதான் தோன்றியது: இதை நான் செய்யலாம் என்று யார் சொன்னது? சரி, செய்யக் கூடாது என்றாவது யாராவது சொன்னார்களா?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் பல் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒருத்தர், ஆஸ்பத்திரி இரண்டு. மத்தியானம் வரை திண்டிவனம், அப்புறம் காரில் விழுப்புரம். அவர் கார் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிவிட்டால் திண்டிவனம் ஆஸ்பத்திரி என்பது அக்காவும் நானும் ஒரு சுழலும் நாற்காலியும்தான். நான் கோலியனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன். என் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடுகிற மனுஷன், ஊரில் கேட்பவர்களிடம் “பொண்ணு டாக்டருக்குப் பக்கத்துல இருக்குது” என்கிறார். தூரத்தை வைத்துப் பார்த்தால் பொய் இல்லை.

அக்கா பெருக்கித் துடைக்க வந்தவர். டாக்டரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே எக்ஸ்ரே எடுக்கவும், பல்செட்டுக்கு அளவு எடுக்கவும், பல் அடைக்கிற சிமெண்ட் கலக்கவும் கற்றுக்கொண்டார். அதை மறைக்கிற ஆளும் இல்லை. “சிமெண்ட் கலக்கறதுல கொத்தனாரே என் கால்ல உழணும்” என்பார். நான் தேடிப் படித்த வரையில், சட்டப் புத்தகத்தில் பல் டாக்டர் இருக்கிறார், பல் சுத்தம் செய்யப் படித்தவர் இருக்கிறார், பல்செட் செய்கிறவர் இருக்கிறார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கிற எங்களுக்கு என்ன படிப்பு, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை. வேலை நல்லபடியாக முடிந்தால் “எங்க சிஸ்டர்”. சொதப்பினால் “அந்தப் பொண்ணு”. இவ்வளவுதான் எங்களுக்கு உள்ள ஒழுங்குமுறை.

அன்றைக்குச் சொதப்பியது இப்படி. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்த அந்தம்மாவுக்கு டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவர் போன கையோடு அக்கா தன் வழக்கப்படி உப்புத் தண்ணிச் சொம்பை நீட்டினார். நாற்காலியை விட்டு இறங்குகிற யாரும் வாய் கொப்பளிக்காமல் போகக் கூடாது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது போல அவருக்கு அது.

“அக்கா, இன்னிக்கு முழுக்க கொப்பளிக்கவே கூடாது. உறைஞ்ச ரத்தம் போயிடும். வீடியோல சொன்னாங்க.”

“நீ போன்ல பாத்தது. நான் டெய்லி வாயில பாத்துக்கினு கீறேன். போடீ.”

மீன்காரம்மா பஞ்சைத் துப்பி, கொப்பளித்து, மரக்காணம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டித் துப்பிக்கொண்டே போயிருக்கிறார். வாயில் ஊறுகிற ரத்தத்தை முழுங்க நம் ஊரில் யாருக்கு மனசு வரும்? ஊர் எல்லை தாண்டுவதற்குள் முந்தானை நனைந்ததும் பயந்து, இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்ப வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது, ஒரு பல்ல புடுங்கச் சொன்னா கொழாயவே தொறந்து உட்டுட்டீங்க?”

“துப்பினீங்களா?” என்றேன்.

“பின்ன, முழுங்கறதா? நான் இன்னா பேயா?”

டாக்டர் போனை எடுக்கவில்லை. கார் ஓட்டும்போது எடுக்க மாட்டார். அவர் தவறாமல் கடைப்பிடிக்கிற ஒரே சட்டம் அது. அதனால்தான் என் விரல்கள் அந்த வாய்க்குள் போயின. டோல்கேட்டில் வண்டி நின்றபோது எங்கள் அழைப்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், ஒரு தையல் போட்டார். அந்தம்மாவை அனுப்பிவிட்டு எங்களைப் பார்த்தார்.

“யாரு கொப்பளிக்கச் சொன்னது?”

அக்கா சொம்பைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

“இனிமே ரெண்டு பேரும் பேஷண்ட் வாயில கை வைக்காதீங்க. சர்ட்டிபிகேட் உள்ள பொண்ணு ஒண்ணப் பாத்து எடுக்கிறேன். மூணு பேருக்கு இங்க வேலை இல்லம்மா.”

வெளியே போகப்போவது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். பட்டம் இல்லாதவர் ஒருத்தர்தான் அங்கே. அக்காவின் வீடு ஓடுவது அந்த வேலையில்தான். வீட்டுக்காரர் என்று ஒருவர் பேருக்கு இருக்கிறார், வீட்டில் இல்லை.

எனக்கோ வாயை மூடிக்கொண்டிருக்க வராது. “அக்கா, ஒரு ரூல் வேணும். எங்களுக்கு ட்ரெயினிங் குடு, பரீட்சை வை, இதெல்லாம் செய்யலாம்னு சொல்லு. கவர்மெண்டுக்கே எழுதலாம்” என்று ஆரம்பித்தேன்.

அக்கா துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். “பரீட்சையா? பத்தாவதுல கணக்கு என்னைப் பாத்து சிரிச்சிது, நான் வெளிய வந்துட்டேன். இப்ப டாக்டர் மட்டும்தான் தொரத்துறாரு. உன் ரூலு வந்தா கவர்மெண்டே வந்து தொரத்தும். நல்லா வருவடீ நீ.”

அன்று சாயங்காலம் பஸ்ஸில் விழுப்புரம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் எல் போர்டு மாட்டிய கார் ஒன்று வழிவிடாமல் ஊர்ந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. “எட்டு போடச் சொல்லிக்குடுத்தவன் ரோட்டக் காட்டலியா?” என்று கத்தினார் கண்டக்டர். எனக்குச் சுருக்கென்றது. பைக் லைசென்ஸுக்கு எட்டு போட்டுக் காட்டினால் போதும், அல்ஜீப்ரா யாரும் கேட்பதில்லை. அக்காவுக்கும் அப்படி ஒரு எட்டு போதும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் உள்ளே வர ஒரு வாசல் வைக்காத ரூல், யாரோ ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதிய ரூலாகத்தான் இருக்கும்.

மறுநாள் பிளாஸ்டிக் கடையில் மூன்று தட்டுகள் வாங்கிப் போனேன். பச்சையில் இருப்பதை நாங்களே எடுக்கலாம். மஞ்சளில் இருப்பதை டாக்டர் அறையில் நின்றால் மட்டும். சிவப்பு அவருக்கு மட்டும்.

“மஞ்சள் மங்களகரம். அது நம்ம தட்டா இருக்கட்டும்” என்றார் அக்கா.

“சிக்னல்ல மஞ்சளுக்கு என்ன அர்த்தம்?”

“ஜல்தி போன்னு அர்த்தம். எங்க ஊர்ல எல்லாம் அப்படித்தான் போவாங்க.”

பச்சையில் வாய்க்கண்ணாடி, பஞ்சு, எச்சில் உறிஞ்சுகிற குழாய். மஞ்சளில் தையல் பிரிக்கிற கத்தரி, அளவு எடுக்கிற அச்சு. ஊசியும் பல் பிடுங்குகிற இடுக்கியும் சிவப்பில். “இத அவரே வெச்சிக்கினு கஷ்டப்படட்டும்” என்று இடுக்கியைப் போட்டார். பல்லின் கறை எடுக்கிற மிஷினுக்குத்தான் சண்டை.

“நான் வீட்ல பாத்திரம் வெளக்கல? இதுவும் அதான்.”

“பாத்திரம் ஐயோன்னு கத்தாதுக்கா. அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க.”

முறைத்துக்கொண்டே சிவப்பில் வைத்தார். பிறகு உப்புத் தண்ணிச் சொம்பை எடுத்தார். என்னைப் பார்க்காமல், அதையும் சிவப்பிலேயே வைத்தார். சொம்பு இடுக்கி மேல் உட்காராமல் சாய்ந்து, தண்ணீர் கொட்டி, தட்டு முழுக்கத் துடைக்க வேண்டியதாயிற்று. நான் துணியை எடுத்துக் கொடுத்ததோடு சரி. எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

டாக்டர் வந்து பார்த்து, “என்ன இது, பாத்திரக் கடையா?” என்றார். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். எல் போர்டு, எட்டு, கண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டேன் போல. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

“சரி. அந்தம்மாவுக்குத் தையல் பிரிக்கணும். நான் நிக்கிறேன், இவங்க பிரிக்கட்டும். அதுக்கு முன்னாடி அன்னிக்கே வேற ஒருத்தருக்குப் பல்லு புடுங்கறேன். அந்த ஆளுக்கு என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு என் காதுபட இவங்க சொல்லணும். நீ எடுத்துக்குடுக்கக் கூடாது. சரியா வந்தா சர்ட்டிபிகேட் பொண்ணைத் தேடல. வரலன்னா நான் சொன்னதுதான்.”

வாய்க்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாதே. அக்கா மீன்காரம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் கேட்டார்.

“யார் எடுத்தா இன்னாம்மா? நூலு நாக்குல மாட்டிக்கினு மீன் முள்ளாட்டம் ஒரே பேஜாரு. நீயே எடு. டாக்டர் நிக்கிறார் இல்ல? அந்தச் சின்னப் பொண்ணு மட்டும் வேணாம், அதுக்குப் பக்கமே தெரியல.”

அக்கா சிரித்த சிரிப்பு கீழே செல்போன் கடை வரை கேட்டது.

டாக்டரே ஒரு வாழைப்பழத் தோலில் தையல் போட்டுக் கொடுத்தார். அக்கா முடிச்சைத் தூக்கி, அடியில் கத்தரித்து, இழுத்தார். முதல் தடவை தோலே கிழிந்தது. பழம் தீரத் தீரக் கை படிந்து வந்தது. பழங்களைத் தின்று தீர்த்ததும் அவர்தான். பேச்சுதான் இன்னும் வழிக்கு வரவில்லை. நோயாளியாக நான் நாற்காலியில் படுத்துக் கேட்கிறேன்.

“ஒரு மணி நேரம் பஞ்சை எடுக்காத. எச்சில முழுங்கு. கொப்பளிக்காத. துப்பினேன்னு தெரிஞ்சுது, வூட்டுக்கே வந்து…”

“மெரட்டாதக்கா. சொல்லு, போதும்.”

“மெரட்டினாத்தாண்டீ கேக்கறாங்க.”

நாளைக் காலை மரக்காணத்து முதல் பஸ்ஸில் அந்தம்மா வருகிறார். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அக்கா முதலில் பல் பிடுங்கிக்கொண்ட ஆளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, மஞ்சள் தட்டிலிருந்து கத்தரியை எடுப்பார். நன்றாக முடிந்தால், இதே மூன்று தட்டுகளோடு விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த மற்ற பல் ஆஸ்பத்திரிப் பெண்களிடம் போவேன். எல்லோரும் சேர்ந்து, எட்டு போடும் வாசலோடு ஒரு ரூல் கேட்டு எழுதுவோம். அதெல்லாம் அப்புறம். நாளைக்கு என் வேலை விளக்கு பிடிப்பதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும். இரண்டாவதுதான் கஷ்டம். இப்போதைக்கு ஒரு மார்க்கர் பேனாவைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் கையுறை மாட்டியதும் இடது கையில் எழுதிக்கொள்ளப் போகிறேன்: அவங்க வலது.